மூணு வைக்காத கை

டிபன் கடை சூப்பர்வைசர் அம்பலவாணனுக்கு, போனில் சீட்டுச் சண்டை ஆடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று மிதப்பு. தங்கச்சி வளைகாப்புக்கு லீவு கேட்டு வந்தாள், இட்லி பரிமாறும் பேச்சியம்மாள்.

"என்னை ஜெயிச்சா மூணு நாள் லீவு. தோத்தா வளைகாப்பை மறந்துடு."

"எனக்கு ஆடத் தெரியாதே சார்!"

"ஒரே படம் போட்ட மூணு சீட்டைச் சேர்த்தா அது மறைஞ்சிடும், எதிரிக்கு அடி விழும். அவ்வளவுதான் விதி."

பேச்சியம்மாளுக்குத் தலை சுற்றியது. சேர்த்தால் எப்படி மறையும்? போதாக்குறைக்கு மூணாம், ஆகாத எண்! இலையில் மூணு இட்லி வைத்தறியாத கை, மூணு சீட்டைச் சேர்க்க மாட்டேன் என்றது. அவர் அடி மேல் அடி கொடுத்தார். அத்தனையும் வாங்கிக்கொண்டு, வாள் படம் போட்ட நாலாவது சீட்டு வரும்வரை காத்திருந்து, நாலையும் ஒன்றாய்ச் சேர்த்தாள்.

திரையெல்லாம் நெருப்பு. ஆட்டத்தில் அம்பலவாணனின் ஆளாக நின்ற ராஜா சாம்பலானார்.

"நாலு சேர்த்தா நெருப்பு வரும்னு உனக்கு எவன் சொன்னான்?" என்று கத்தினார். கடையே திரும்பிப் பார்த்தது.

"இப்பதான் நீங்க சொன்னீங்க சார்," என்றாள் பேச்சியம்மாள். "அப்புறம், லீவு மூணு நாள் வேண்டாம் சார், ஆகாது. நாலாக் குடுங்க."