டெக்லனின் குழி

அயர்லாந்தில் மலையடிவாரத்துச் சிறு மடம் ஒன்று. அதன் குரு ஃபின்டன். அவருடைய சீடர் மலக்கி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஊருக்கு இதில் ஓயாத கேலி.

அன்று காலை மலக்கி மூச்சிரைக்க வந்து நின்றார்.

"சாமி, டெக்லன் இறந்துவிட்டார். குழி வெட்ட என்னைக் கூப்பிடுகிறார்கள்."

அந்தப் பக்கத்தில் இறந்தவர் வீட்டார் குழி வெட்டுவதில்லை. அக்கம்பக்கத்தார்தான் வெட்ட வேண்டும். டெக்லனுக்கு அடுத்த வீடு மலக்கியின் வீடு.

"போக வேண்டியதுதானே?"

"போர்க்காலத்தில், எதிரிக்குக் காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லி என் அப்பாவைச் சுட்டுக் கொன்றார்களே, அன்று அவரை வீட்டிலிருந்து இழுத்துப் போனது இந்த டெக்லனாம்."

"யார் சொன்னது?"

"கொல்லர். ஆனால் கொல்லரின் மனைவி, டெக்லன் அன்று ஊரிலேயே இல்லை என்கிறாள். பால்காரரோ, டெக்லன் எங்கள் வாசலில் நின்று அழுததைக் கண்ணால் பார்த்தாராம். பால்காரருக்கு அப்போது மூன்று வயது!"

ஃபின்டன் சிரிக்கவில்லை.

"போனால் அப்பாவுக்குத் துரோகம். போகாவிட்டால், டெக்லன்தான் கொன்றார் என்று ஊர் முடிவு கட்டிவிடும். அவர் பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. எது உண்மை சாமி? எனக்கு ஒன்றுமே புரியவில்லை."



ஃபின்டன் மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் துடைத்தார்.

"உங்கள் அப்பாவுக்குக் குழி வெட்டியது யார்?"



"தெரியாது சாமி. பயத்தில் ஒருவரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் அம்மாவும் உடலைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே ஏற்கெனவே குழி வெட்டியிருந்தது."

"விசாரிக்கவில்லையா?"

"கொன்றது யார் என்றுதான் இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்டியது யார் என்று கேட்கத் தோன்றவே இல்லை." அவர் மண்வெட்டியைப் பார்த்தார். "வெட்டியது டெக்லனா சாமி?"

"எனக்குத் தெரியாது."

"அவர் அப்பாவை இழுத்துப் போனவரா, குழி வெட்டியவரா என்றே தெரியாமல் நான் எப்படி வெட்டுவேன்?"

ஃபின்டன் மண்வெட்டியை அவரிடம் நீட்டினார்.

"உங்கள் அப்பா காட்டிக்கொடுத்தாரா இல்லையா என்று, அன்று வெட்டியவருக்கும் தெரிந்திருக்காது."