துள்ளிய கால்

ஒரு ஊராம். அந்த ஊரில் பனையும் உண்டு, பனையிலிருந்து விழுந்தவர்களும் உண்டு. விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர்களைப் பழக்கி எடுக்க ஒரு மருத்துவமனை இருந்ததாம். அங்கே பயிற்சி சொல்லிக் கொடுப்பவள் சகாயமேரி. அவளிடம் தொழில் படிக்க வந்தவன் வைரவன். அவளைவிட வயதில் மூத்தவன். இருந்தாலும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவான்.

அன்று காலை வாசலில் ஒரு வேன் நின்றது. பனையேறி தங்கப்பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அவன் மனைவி பூரணம் வரவழைத்தது. துணிமணியெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது.

“யாரு போகச் சொன்னது?” என்றாள் சகாயமேரி.

“கால் வந்துட்டுல்லா டீச்சர்! வைரவண்ணன்தான் காட்டினாரு. மிச்சத்தை வீட்டுல பாத்துக்கிடுதோம்.”

படுக்கையில் தங்கப்பழம் சிரித்தான். “பதநீர் காலத்துக்குள்ள மரத்துல நிப்பேன். நீங்க கீழ செம்போட வந்து நில்லுங்க.”

சகாயமேரி சிரிக்கவில்லை. “எனக்கும் காட்டுங்கண்ணே.”

வைரவன் தங்கப்பழத்தின் உள்ளங்காலில் விரலால் ஒரு கோடு இழுத்தான். கால் வெடுக்கென்று மடங்கி மேலே வந்தது. பூரணம் கும்பிட்டாள்.

“தங்கப்பழம், திரும்பவும் இழுப்பாரு. இந்தத் தடவ காலை வர விடாதீங்க. நிறுத்துங்க.”

வைரவன் இழுத்தான். கால் துள்ளியது.

“நிறுத்துங்க.”

துள்ளியது. தங்கப்பழம் பல்லைக் கடித்தான். கழுத்து புடைத்தது. மறுபடியும் துள்ளியது.

வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான்.

“ஏன் டீச்சர், இது என் காலுதானே?”

“உங்க கால்தான். ஆனா நீங்க ஆட்டலை. உள்ளங்காலத் தொட்டா அதுவாத் துள்ளுது.”

பூரணம் வைரவன் பக்கம் திரும்பினாள். “அப்ப என்னத்தண்ணே காட்டினீரு? நான் ஊரெல்லாம் சொல்லிட்டேனே!”

வைரவனுக்கு முகம் செத்துவிட்டது. “என்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாம் டீச்சர். அவரு நம்பிக்கைய இப்படிப் போட்டு உடைக்கணுமா?”

 சகாயமேரி வைரவன் விரலைப் பிடித்து, தங்கப்பழத்தின் முழங்காலுக்கு மேலே தொடையில் வைத்தாள்.

“தங்கப்பழம், முழங்காலை மெத்தையில அமுக்குங்க.”

ஒன்றும் அசையவில்லை.

“இன்னொரு தடவ.”

 வெளியே மறுபடியும் ஹாரன் அடித்தது.

வைரவன் சட்டென்று நிமிர்ந்தான். தோலுக்கடியில் ஏதோ ஒன்று நூல்போல இறுகியிருந்தது.

“விடுங்க,” என்றாள் சகாயமேரி.

நூல் தளர்ந்தது.

“அமுக்குங்க.”

இறுகியது.

“விடுங்க.”

தளர்ந்தது.

தங்கப்பழம் தலையைத் தூக்கித் தன் தொடையைப் பார்த்தான். அவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. “என்னவே? வாயத் தொறந்து சொல்லும்.”

 வைரவன் விலகிக்கொண்டு பூரணத்தைக் கூப்பிட்டான். அவள் விரலை வைத்தாள்.

“ஏங்க, அமுக்குங்க... விடுங்க... இன்னொருக்கா.” அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “சொன்னதைக் கேக்குதுங்க.”

தங்கப்பழம் தலையைத் தலையணையில் சாய்த்தான்.

“வேனப் போகச் சொல்லு, பூரணம்.”

அவள் வெளியே ஓடினாள்.

வைரவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். “இந்த நூலு என்னைக்கு டீச்சர் ஒரு காலைத் தூக்கும்?”

“எனக்குத் தெரியாது. இத்தனை நாளும் நீங்க உள்ளங்காலைத்தான் கேட்டீங்கண்ணே. இனிமே அவரைக் கேளுங்க.”

சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நடந்துவிட்டாள்.