நிஜம் என்று கத்திய முயல்

ஆவாரங்குளத்தின் கரையில் ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் ஓர் ஆமையும் ஒரு முயலும் ஒரு முள்ளம்பன்றியும் தினமும் உட்கார்ந்து போர் செய்தன. எல்லாம் வாயால் செய்யும் போர்தான்.

“நீ இப்போ கோட்டை வாசல்ல நிக்கிறே. உள்ளே பூதம் தூங்குது. என்ன செய்யறே?” என்று ஆமை கேட்கும்.

“மதில் மேல தாவி, பூதத்தோட மூக்கை வெட்டறேன்!” என்று முயல் சொல்லும். இடத்தை விட்டு இம்மியும் அசையாது.

“போடு கொட்டையை!”

ஒரு பக்கம் உரசி வெளுக்க வைத்த நாலு புளியங்கொட்டைகளை முயல் உருட்டும். வெள்ளை அதிகம் விழுந்தால் மூக்கு போயிற்று. கறுப்பு அதிகம் விழுந்தால் மூக்கு பிழைத்தது. இரண்டுக்கு இரண்டு விழுந்தால் ஆமை யோசித்துத் தீர்ப்புச் சொல்லும். ஆமை யோசிக்க ஆரம்பித்தால் முயல் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு வரலாம்.

குளத்தில் கிடந்த எருமைகளுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு தாங்காது. “கொட்டையை வச்சுக்கிட்டுப் பூதம் பிடிக்குதுங்களாம்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். முயலுக்கு மானம் போகும். எருமையோடு மல்லுக்கு நிற்க முடியுமா? அதனால், தான் பார்த்துச் சிரிப்பதற்கு அது வேறு ஆட்களைத் தேடிக்கொண்டது.

மூங்கில் புதர்ப் பக்கம் கீரியும் நாலைந்து குரங்குகளும் வேறு மாதிரி விளையாடின. தலையில் தேக்கிலைக் கிரீடம், கையில் மூங்கில் வாள். கீரி தளபதி என்றால் பொழுது சாயும் வரை தளபதிதான். “ஐயோ, செத்தேன்!” “காப்பாத்துங்க!” என்று அலறும், ஓடும், உருளும், முட்டியைப் பெயர்த்துக்கொள்ளும்.

அங்கே ஒரே ஒரு விதி இருந்தது. யாருக்காவது உண்மையிலேயே அடிபட்டால் “நிஜம்!” என்று கத்த வேண்டும். கத்தினால் ஆட்டம் அந்த நொடியே நிற்கும். எல்லோரும் ஓடி வருவார்கள். விளையாட்டுக்கு அந்தச் சொல்லைச் சொன்னவருக்கு மறுபடி ஆட்டத்தில் இடம் கிடையாது.

பாறையில் மூன்றாவது ஆளாக இருந்த முள்ளம்பன்றி ஒருநாள் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

“போ, போ! இலையைக் கட்டிக்கிட்டுக் கூத்தாடு!” என்று முயல் பின்னாலேயே கத்தியது. “நிஜம் எதுன்னு ஒருத்தர் கத்திச் சொன்னாத்தான் தெரியுமாம். அண்ணே, இதுங்களாலதான் எருமைங்க நம்மளையும் கிறுக்குன்னு நினைக்குதுங்க!”

ஆமை வழக்கம்போல யோசித்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் உண்ணிச்செடி மறைவில் ஒரு நரி கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு முயல்கறி என்றால் உயிர். ஆனால் ஓட்டத்தில் முயலைப் பிடிக்க முடியாது. முயல் ஓடாமல் இருக்க ஒரு வழி வேண்டும். அந்த வழியை முயலே இப்போது சொல்லிக்கொடுத்துவிட்டது.

மறுநாள் நரி பாறைக்கு வந்தது. முயல் துள்ளி எழுந்து ஓடத் தயாரானது.

“பயப்படாதீங்க! ஆட்டத்துக்கு மூணாவது ஆள் இல்லைன்னு கேள்விப்பட்டேன். மூங்கில் புதர்ல கூப்பிட்டாங்க. சீச்சீ, அந்தக் கிறுக்குங்களோட யார் சேருவா? ஆடினா உங்களை மாதிரி உட்கார்ந்து, கௌரவமா ஆடணும்!” என்றது நரி.

முயலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “அப்படிச் சொல்லுங்க! ஆனா நீங்க பாறையோட அந்தக் கோடியில உட்காரணும்” என்றது.

“அதுக்கென்ன!” என்று நரி கோடியில் உட்கார்ந்தது. ஆட்டம் தொடங்கியது.

“காட்டுல ஒரு முயல் வீரன் நிக்கிறான். நரியாரே, என்ன செய்யறீங்க?” என்று கேட்டது ஆமை.

“முயல் வீரன் பக்கத்துல போறேன்!”

கொட்டை உருண்டது. மூன்று வெள்ளை. நரி எழுந்து வந்து முயலின் பக்கத்தில் உட்கார்ந்தது.

“அட, உடம்போட வர வேணாங்க! சொன்னாலே போதும்” என்று முயல் சிரித்தது.

“மன்னிக்கணும், புதுசு இல்லையா? இப்போ அவன் கழுத்தைப் பிடிக்கிறேன்!”

கொட்டை உருண்டது. நான்கும் கறுப்பு.

“பிடி தவறிப்போச்சு!” என்று ஆமை தீர்ப்புச் சொன்னது.

நரி லபக்கென்று முன்னங்கால்களால் முயலின் கழுத்தைப் பிடித்தது.

“ஐயா, கறுப்புல்ல விழுந்திருக்கு! இது செல்லாது!” என்று ஆமை கூச்சல் போட்டது.

முயலோ, பாவம், பழக்கதோஷத்தில், “நான் புதருக்குள்ள பாயறேன்!” என்றது. பாயவில்லை. நரியின் பல் காதில் இறங்கிக் காது கிழிந்த பிறகுதான் அதற்கு உறைத்தது.

“காப்பாத்துங்க! ஐயோ, செத்தேன்!” என்று அலறியது.

மூங்கில் புதரில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “அடடே, பாறைக்காரங்களும் நடிக்க ஆரம்பிச்சுட்டாங்க! முயல் எவ்வளவு அருமையா அலறுது!” என்று குரங்குகள் கைதட்டின.

நரி முயலை இழுத்துக்கொண்டு பாறையை விட்டு இறங்கியது. உண்ணிச்செடிக்கு இன்னும் பத்தடிதான். முயலுக்குத் தெரிந்த சொற்களில் ஒன்றுதான் பாக்கி. அதைச் சொல்ல நாக்கு கூசியது. உயிரைவிட நாக்கின் கூச்சம் பெரிதா என்ன?

“நிஜம்!” என்று முயல் கத்தியது. “நிஜம்! நிஜம்!”

கைதட்டல் நின்றது. வாள்கள் கீழே விழுந்தன. சொன்னது யார், நேற்று என்ன பேசியது என்று அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. முதலில் ஓடி வந்தது முள்ளம்பன்றி. முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு உண்ணிச்செடிக்கும் நரிக்கும் நடுவில் நின்றது. கீரி நரியின் பின்னங்காலைக் கவ்வியது. குரங்குகள் கல்லால் அடித்தன. இப்படி வளைத்துப் பிடிப்பது அவர்களுக்குத் தினப்படி வேலை. நரி முயலை விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே ஓடியது.

“இன்னிக்கு ஆட்டம் பிரமாதம்!” என்றன எருமைகள்.

முயல் கிழிந்த காதோடு நின்றது. “நான்... மன்னிப்புக் கேக்கறேன்” என்றது.

“போடு கொட்டையை!” என்றது பாறைமேல் இருந்த ஆமை, வாய்ப்பழக்கத்தில்.

முயல் கொட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முள்ளம்பன்றியின் எதிரே போய்த் தலை குனிந்து நின்றது.

கேலிக்கு ஆளானவன் அந்தக் கேலியைத் தன்னைப் போன்றவன் மேலேயே திருப்பினால், உதவ வருபவனை விரட்டிவிட்டு, விழுங்க வருபவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வான்.