முதுகில் அரிசி சுமந்த புழு

மாசிலாமணி மடத்துக்கு வந்த அன்றே கேள்வியைக் கேட்டுவிட்டார். அறுபத்திரண்டு வயதில் சுற்றி வளைத்துப் பேச அவருக்குப் பொறுமை இல்லை.

"என் மகன் செண்பகராமன் குடிக்கான்மா. அவன் திருந்துவானா, மாட்டானா?"

மடத்தை நடத்திவந்த பூங்கோதை அம்மைக்கு நாற்பது வயதுதான். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன்னைக் குருவென்று தேடி வந்ததில் அம்மைக்குக் கூச்சமோ பெருமையோ இருந்ததாகத் தெரியவில்லை.

"கொல்லையிலே தக்காளியைப் புழு தின்னுது. முதல்ல அதைப் பாருங்கய்யா" என்றார்.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் மாசிலாமணி மறுநாள் விடியும்போதே கொல்லையில் இறங்கிவிட்டார். கையில் தேங்காய்ச் சிரட்டை, அதில் சோப்புத் தண்ணீர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இலை இலையாகத் திருப்பினார். எச்சம் கிடந்தால் அதற்கு மேலே எங்கோ புழு இருக்கும் என்று இரண்டே நாளில் கண்டுகொண்டார். இருபத்தெட்டு வருஷம் சிவப்பு மையில் பிழை திருத்திய கண் அல்லவா, தப்புமா?

அம்மை ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்.

"முதுகிலே வெள்ளையா அரிசி ஒட்டின மாதிரி சில புழு இருக்கும். அதை மட்டும் விட்டுருங்க."

ஐந்தாம் நாள் அப்படி ஒன்று அகப்பட்டது. தின்னவும் தெம்பில்லாமல் இலையில் சோர்ந்து கிடந்தது. மாசிலாமணி யோசித்தார். புழுவில் என்ன நல்ல புழு, கெட்ட புழு? ஒன்றுக்குச் சலுகை கொடுத்தால் நூறும் தலையில் ஏறி உட்காரும். அவர் பள்ளிக்கூடத்தில் அதுதான் சட்டம். அதையும் சிரட்டையில் போட்டார்.

ஒரு மாதம் போயிற்று. புழு முன்னைவிட அதிகமாகிவிட்டது. காய்க்குக் காய் ஓட்டை. மனிதர் நொந்துபோய், சிரட்டையும் கையுமாக அம்மை முன்னால் வந்து நின்றார்.

"அரிசிப் புழு ஒண்ணும் கண்ணுல படலையா?"

"பட்டுது. பதினொண்ணு. ஒண்ணைக்கூட விடலை."

சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அது அரிசி இல்லைய்யா, கூடு. ஒரு சின்னக் குளவி புழுவுக்குள்ளே முட்டை வச்சிட்டுப் போயிரும். குஞ்சு உள்ளேயே தின்னு வளந்து, வெளியே வந்து கூடு கட்டும். அதுக்கப்புறம் அந்தப் புழு இலையைத் தொடாது. கூட்டிலேருந்து வார குளவி அடுத்த புழுவைத் தேடிப் போகும்."

மாசிலாமணி சிரட்டைக்குள் பார்த்தார்.

"மகன் கடைசியா எப்ப வீட்டுக்கு வந்தான்?" என்று அம்மை கேட்டார்.

"தைப்பூசத்துக்கு மறுநா."

"குடிச்சிருந்தானா?"



"இல்லை. குடியை விட்டு நாலு நாளாச்சுன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவன் கை நடுங்கிக்கிட்டே இருந்துதும்மா. குடிகாரன் கை காட்டிக் குடுக்கு, யார்ட்ட கதை விடுதே, படியேறாதேன்னுட்டேன்."

"குடிக்கிறவன் கை நடுங்கினா, இன்னும் ரெண்டு மடக்குலே நின்னுரும். விடுதவனுக்குத்தான் நாள்கணக்கா நடுங்கும்யா."

மாசிலாமணி அன்று வாசலில் நின்ற பிள்ளையின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றார். வரவில்லை. அன்று அவன் கையை மட்டும்தான் அவர் பார்த்திருந்தார். தாங்க முடியாத வெட்கமாக இருந்தது.

"இப்ப நான் என்னம்மா செய்ய?"

அம்மை சிரட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"அவன் எங்கே இருக்கான்?"

"தென்காசியிலே. தனியா ரூம் எடுத்திருக்கானாம்."

"ஒன்பதரைக்கு பஸ் இருக்கு. போய் அவன் வாசல்லே நில்லுங்க."

"நானா? அவன் உள்ளே விடாட்டி?"

"நிக்கிறப்போ உங்க கை நடுங்கும்யா. அதை மறைக்காம நில்லுங்க."