பெயரில்லாத வெண்கலப் பெட்டி

முன்னொரு காலத்திலே, கித்தார் என்ற சொல்லே யார் வாயிலும் வராத காலத்திலே, வெண்கலபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே சடையன் மணி வார்ப்பான். அவன் மனைவி பொன்னாத்தாள் துருத்தி ஊதுவாள். வார்த்த மணிக்குச் சுருதி பார்க்கப் பட்டறையில் ஒரு சின்ன யாழ் இருந்தது.

ஒருநாள் கருநாக்கன் என்ற மந்திரவாதி வந்தான்.

"கேட்டவரெல்லாம் எனக்கு அடிமையாகணும். அப்படியொரு மணி வார்த்துக் கொடு."

"அது மட்டும் நடக்காது," என்றான் சடையன்.

"அப்படியா? நீ கல்லாகிப் போ! தந்தி என்றைக்கு மனுஷக் குரலில் அழுகிறதோ, அன்றைக்குக் கல் இளகட்டும்!"

கல் ஏறியது. முதலில் கால், பிறகு இடுப்பு. கழுத்தைத் தாண்டினால் மூச்சு நின்றுவிடும்.

பொன்னாத்தாளுக்கு அழுது அழுது தொண்டை கட்டிக்கொண்டது. அந்தக் கரகரத்த குரல் தன் காதிலேயே விழுந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. யாழ் இனிக்க இனிக்கப் பாடுகிறது. அழுத தொண்டை எங்கே இனிக்கும்?

பட்டறையில் கிடந்த விரிசல் விட்ட மணி ஒன்றை வெட்டி ஒரு பெட்டி செய்தாள். யாழிலிருந்து அதற்குச் செப்புக் கம்பி இழுத்தாள். வாசிப்பவருக்கு இரண்டு கையும் தந்தியில் இருக்குமே? ஆகவே காலால் மிதிக்க ஒரு மூடி வைத்தாள். மிதித்தால் விரிசல் உரசி, நாதம் கரகரக்கும்.

அதோடு விட்டாளா? ஆசையாசையாய் மூடியில் கலைமகளைச் செதுக்கினாள், சுற்றிலும் தாமரை, கீழே சடையன் பெயர். அங்கேதான் தப்புப் பண்ணினாள், பாவம்.

அவளுக்கு யாழ் வாசிக்கத் தெரியாது; ஆள் அனுப்பினாள். அரண்மனை யாழ்க்காரர் வந்தார். பெட்டியைப் பார்த்தார். "கலைமகளை மிதிக்கவா? மாட்டேன் தாயே!" போய்விட்டார். அவள் அரம் எடுத்து உருவத்தைத் தேய்த்தாள். கல் வயிற்றுக்கு ஏறியது.

கோயில் யாழ்க்காரர் வந்தார். "அவள் வீற்றிருக்கும் தாமரையை மிதிக்கவா? மாட்டேன் தாயே!" தாமரையையும் தேய்த்தாள். கல் மார்புக்கு ஏறியது.

தெருவில் பாடும் யாழ்க்காரர் வந்தார். "உயிருக்குப் போராடுறவன் பேரை மிதிக்கவா? மாட்டேன் தாயே!"

அவள் கையிலிருந்து அரம் நழுவியது. சாமி மன்னிக்கும். புருஷன் பெயரை எப்படித் தேய்ப்பது?

"தேய்ச்சிடு பொன்னா," என்றான் சடையன். குரல் பாதிதான் வந்தது. "பேரு போனாப் போகட்டும். நான் இருக்கணும்ல?"

"ஐயோ, என்னங்க..."

தேய்த்தாள். ஒவ்வோர் இழுப்புக்கும் நெஞ்சு எரிந்தது. பெட்டி மொட்டையாய், வாசற்படிக் கல்லைப் போல ஆனது. நிமிர்ந்து பார்த்தால் கல் அவன் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இனி யாரைத் தேடுவது?

அவளே யாழை மடியில் வைத்தாள். சுருதி பார்க்கும் அந்த ஒற்றைச் சுரம்தான் அவளுக்குத் தெரியும். அதை மீட்டி, பெட்டியை மிதித்தாள்.

தந்தி கரகரத்தது, விம்மியது, பிறகு ஓவென்று அழுதது. தெருவே தன் வீட்டில் யாரோ அழுகிறார்கள் என்று ஓடிவந்தது. கல் பொடிப்பொடியாய் உதிர்ந்தது. அதே நேரம் எங்கோ இருந்த கருநாக்கனின் நாக்கு கல்லாய் இறுகியது.

அரசன் வந்து யாழுக்கு மாலை போட்டான், பல்லக்கில் ஏற்றினான். பட்டறைக்கு மானியம் எழுதிக் கொடுத்தான். பெட்டியை ஒருவரும் பார்க்கவில்லை. கூட்டத்தில் யாரோ ஓரமாக உதைத்துத் தள்ளினார்கள்.

இன்றும் கித்தார்க்காரர் காலடியில், மிதித்தால் நாதத்தைக் கரகரக்க வைக்கும் அப்படியொரு பெட்டி கிடக்கும். கைதட்டல் அதற்கு இல்லை. ஆனால் அன்று கல் உதிர்ந்த கால்களால் சடையன் நடந்த முதல் நடை அதனிடம்தான். குனிந்து, தன் பெயர் தேய்ந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.