காரர் என்று முடியும் சொற்கள்

"அவன் அப்படி இல்லடா, அவனுக்கு அப்படி..." என்று தொடங்குவார் தில்லைநாயகத்தின் அப்பா. சின்ன மகனைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அதையேதான் சொல்வார். கடைசியில் ஒரு சின்னச் சொல் இருந்தது. அது என்ன சொல் என்று தில்லைநாயகத்துக்கு நினைவில்லை. கேட்டுக்கொள்ள அப்பாவும் இல்லை.

தம்பியோடு பேசிப் பதினோரு வருடம். தில்லைநாயகத்தின் மகள் கல்யாணப் பந்தியில், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று தம்பி இலையைத் தூக்கி எறிந்தான். "பைத்தியக்காரன்! இனி என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார் அண்ணன். தம்பி மிதிக்கவில்லை.

ஐம்பத்து நான்கு வயதில் வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, தில்லைநாயகம் அஞ்சல் வழியில் உளவியல் படித்தார். பயிற்சிக்காக மலையடிவாரத்தில் இருந்த மனநல இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே டாக்டர் மங்கையர்க்கரசிதான் எல்லாம். குருவைவிடச் சீடருக்குப் பதினான்கு வயது அதிகம். அவர் 'டாக்டரம்மா' என்றார். அவள் 'அண்ணாச்சி' என்றாள்.

முதல் நாளே கேட்டுவிட்டார்.

"டாக்டரம்மா, மனுஷனோட குணம் மாறுமா?"

"யாரோட குணம்?"

"பொதுவாக் கேக்கேன்."

"பொதுவா யாரும் இங்க அட்மிட் ஆகல அண்ணாச்சி. ஏழாம் அறையில வைரவன்னு ஒருத்தர் இருக்கார். அவர் எப்படிப்பட்டவர்னு எழுதிட்டு வாங்க."

வைரவனுக்கு முப்பத்தாறு வயது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் சங்கத்தில் பன்னிரண்டு பேரில் ஒருவராக இருந்தவர். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு நாள், தைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து, கத்திரிக்கோலைச் சுவர்க் கண்ணாடியில் வீசினார். கண்ணாடி நொறுங்கியது. காதில் யாரோ அவரைத் திட்டிக்கொண்டே இருந்தார்களாம், மாதக் கணக்கில். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மாத்திரையில் சத்தம் அடங்கி எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்குப் போகலாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? சங்கக் கொட்டகையில் ஜன்னலோரம் அவருடைய மெஷின் உறை போட்டு நின்றது. வெள்ளிக்கிழமை சங்கத்தார் கூடுகிறார்கள். பதினோரு பேரில் ஆறு பேர் கை தூக்கினால் அந்த மெஷின் வைரவனுக்கு. இல்லாவிட்டால் புது ஆளுக்கு.

தில்லைநாயகம் மூன்று நாள் கவனித்து எழுதினார். வங்கியில் பழகிய கையெழுத்து. அடித்தல் திருத்தல் கிடையாது. டாக்டரம்மா வாசித்தாள்.

பெயர்: வைரவன். வயது: 36. தொழில்: தையல்காரர். ஆள் எப்படிப்பட்டவர்: சந்தேகக்காரர். கோபக்காரர். பிடிவாதக்காரர்.

"நல்லா எழுதியிருக்கீங்க. இதுல காரர்னு முடியிறதை எல்லாம் அடிச்சிட்டு, மிச்சம் என்ன இருக்குன்னு பாருங்க."

"எதுக்கு?"

"சும்மா பாருங்களேன்."

வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தார். வைரவன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். சந்தேகம் போனது. கோபம் போனது. பிடிவாதமும் போனது. பேனா மேலே ஏறியது.

"சார்."

"என்ன வைரவன்?"

"அந்த ஒண்ணை மட்டும் அடிக்காதீங்க சார்."

பேனா நின்றது. தொழில் என்ற இடத்தில் இருந்த சொல்லை அவர் அப்படியே விட்டார்.

"இவ்வளவுதான் மிச்சம்" என்று தாளை நீட்டினார் டாக்டரம்மாவிடம். "பேர், வயசு, தொழில். ஆள் எப்படிப்பட்டவர்ங்கிற இடம் காலி."

"காலியாவே இருக்கட்டும். சாப்பிட வாங்க."

சமையற்கட்டில் முத்துப்பேச்சி பரிமாறினாள். அவளுக்கும் 'பேங்க் சாரு'க்கும் வந்த நாளிலிருந்தே ஆகாது. அன்று ரசத்தில் உப்பில்லை.

"ரசமா இது? வெந்நீர்ல புளியைக் கரைச்சு வச்சிருக்க!"

"நேத்து உப்புக் கரிக்குன்னீக. இன்னைக்கு உப்பில்லங்கீக. நாளைக்கு நீங்களே வந்து கரண்டியப் பிடிங்க."

தில்லைநாயகம் டம்ளரை ஓங்கி வைத்தார். ரசம் சட்டையில் தெறித்தது.

டாக்டரம்மா மோர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "முத்துப்பேச்சி, பேங்க் சார் எப்படிப்பட்டவர்?"

"அதை ஏன் கேக்கீக. சரியான கோவக்காரரு. வீட்டம்மா எப்படித்தான் குப்பை கொட்டுதாகளோ."

"நானா கோபக்காரன்?" தில்லைநாயகம் எழுந்தேவிட்டார். "டாக்டரம்மா, எனக்கு மூட்டுவலி. ராத்திரி பூரா தூக்கமில்ல. அடுப்புப் பக்கமா உக்கார வச்சிட்டா. அதான் கோபம் வருது. வேற ஒண்ணும் இல்ல. என் வீட்ல வந்து கேளுங்க, நான் அதிர்ந்து பேசினது கிடையாது!"

"அப்ப உங்களுக்குக் கோபம் வருது."

"ஆமா. வருது, போயிருது."

"சரி." அவள் மோரைக் குடித்து முடித்தாள். "உங்களுக்கு வருது. வைரவன் கோபக்காரர்."

தில்லைநாயகம் உட்கார்ந்தார். முத்துப்பேச்சி உப்பு ஜாடியை அவர் இலையோரம் கொண்டுவந்து வைத்தாள். அவர் எடுக்கவில்லை. உப்பில்லாத ரசத்தில் சோற்றைப் பிசைந்து மெதுவாகச் சாப்பிட்டார்.

அன்று மாலை முழுக்கச் சாய்வு நாற்காலியில் கிடந்து அவர் உதடுகளுக்குள் ஏதோ முணுமுணுத்தார். "என்ன சார், ஜபமா?" என்று கேட்டார் வைரவன். "இல்லப்பா, எங்க அப்பா சொன்னது. 'அவனுக்கு அப்படி வருது'ன்னு. ஒரு சொல் விட்டுப்போயிருந்துச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவும் தில்லைநாயகமும் வைரவனும் சங்கத்துக்குப் போனார்கள். கொட்டகையில் நீலத் துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த வைரவன் வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஊமையாகிவிட்டார். அவருடைய மெஷின் மேல் யாரோ டிபன் கேரியர் வைத்திருந்தார்கள்.

தலைவி சண்முகத்தாய் பெஞ்சில் நடுவாக உட்கார்ந்திருந்தாள். "கை தூக்குறதுக்கு முன்னால யாராவது பேசணும்னா பேசிருங்க. பின்னால முணுமுணுக்கக் கூடாது."

கட்டிங் மாஸ்டர் அந்தோணிமுத்து எழுந்தார். உடைந்த கண்ணாடிக்கு மிக அருகில் அன்று நின்றவர் அவர்தான்.

"டாக்டரம்மா மேல மரியாதை இருக்கு. ஆனா ஒரு பைத்தியக்காரன் கையில கத்திரிக்கோலைக் குடுத்துட்டு, முதுகைக் காட்டித் தைக்கச் சொல்றீகளா?"

டாக்டரம்மா தில்லைநாயகத்தைப் பார்த்தாள். அவர் எழுந்தார். கையில் அந்தத் தாள் இருந்தது.

"வைரவன், வயசு முப்பத்தாறு, தையல்காரர்" என்று வாசித்தார். "அவ்வளவுதான் எழுதியிருக்கு. மிச்சத்தை அவரே சொல்லட்டும்."

"அது இருக்கட்டும். இனிமே வராதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுப்பீகளா?"

"மாட்டேன். வரலாம்."

கொட்டகை சலசலத்தது. தில்லைநாயகம் வைரவனைப் பார்த்தார்.

வைரவன் எழுந்து நின்றார். பிறகு டிபன் கேரியரைத் தூக்கிப் பக்கத்துப் பலகையில் வைத்துவிட்டு, மெஷினில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். பேச்சு வந்தது.

"எனக்குச் சத்தம் கேக்கும். அந்த வியாதி அப்படி. முதல்ல இந்தக் காது சூடாகும். அப்புறம் யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கும். அதுக்கப்புறம்தான் திட்டு. அந்தத் தடவை திட்டு மூணு மாசமா ஓடிச்சு. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா பைத்தியக்காரன்னுருவீகளோன்னு சொல்லல."

"இனி காது சூடானா மிதிக்கிறதை நிறுத்திருவேன். ரெண்டு கையையும் மடியில வச்சுக்குவேன். அப்படிப் பார்த்தா, 'என்ன வைரவா, வந்துட்டா?'ன்னு ஒருத்தர் கேளுங்க. டாக்டரம்மா நம்பரை இந்த மெஷின்ல ஒட்டி வைக்கேன். போன் பண்ணுங்க. அது வரும். வந்தா போகவும் செய்யும். நான் இங்கதான் இருப்பேன்."

சண்முகத்தாய் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "சரி. வைரவன் வரட்டும்னு சொல்றவுக கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர் அவருக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். கடைசியில் இருந்தவர் அந்தோணிமுத்துவைப் பார்த்தார். அந்தோணிமுத்து தரையைப் பார்த்தார். வைரவனின் கை மெஷினிலிருந்து நழுவியது.

டாக்டரம்மா முதல்முறையாகப் பேசினாள்.

"தலைவியம்மா, இன்னொரு தடவை கேளுங்க. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு."

"இதென்ன, சின்னப் பிள்ளைக விளையாட்டா?"

"ஒரே ஒரு தடவை."

"நானும் மூடிக்கிட்டா யாரு எண்ணுறது?"

"பேங்க்ல இருந்தவர் ஒருத்தர் இருக்காரே."

சிரிப்புக் கேட்டது. பதினோரு பேரும் கண்ணை மூடினார்கள். சண்முகத்தாய் அதே கேள்வியைக் கேட்டாள். பிறகு ஜன்னலோரம் ஒரு கை எழுந்தது. அதைப் பார்க்காமலே இன்னொன்று. காஜா எடுக்கும் கிழவரின் கை. இரட்டைச் சகோதரிகளின் கைகள், ஒருத்திக்கு மற்றவள் தெரியாமல். சண்முகத்தாயின் கை, வளையல் சத்தத்தோடு.

தில்லைநாயகம் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"இறக்கணும்னு நினைக்கிறவங்க இறக்கிக்கோங்க" என்றாள் டாக்டரம்மா. "மத்தவங்க அப்படியே வச்சுக்கிட்டுக் கண்ணைத் திறங்க."

ஒருவரும் இறக்கவில்லை. கண்கள் திறந்தன.

எட்டுக் கைகள் மேலே நின்றன. ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். "ஏட்டி, நீயுமா?" என்றாள் இரட்டையரில் ஒருத்தி. "நீ தூக்க மாட்டேன்னுல்லா நான் நினைச்சேன்!" என்றாள் மற்றவள். கொட்டகை முழுக்கச் சிரிப்பும் பேச்சும் கிளம்பின.

அந்தோணிமுத்துவின் கை தோள் வரைக்கும் வந்து அங்கேயே நின்றது.

"மாஸ்டரே, அது என்ன கணக்கு?" என்றாள் சண்முகத்தாய்.

"அரைக் கை." அவர் முகம் சிவந்திருந்தது. "கத்திரிக்கோல் எல்லாம் என் மேசையில இருக்கணும். அப்படின்னா முழுக் கை."

"இருக்கட்டும் மாஸ்டர்" என்றார் வைரவன். "எனக்கு ஊசி போதும்."

அந்தோணிமுத்துவின் கை உயர்ந்தது. மற்றக் கைகளைவிட ஒரு சாண் மேலே போனது, ஆள் உயரம்.

"அப்புறம் என்ன, நின்னுக்கிட்டே இருக்கீரு?" என்று சத்தம் போட்டாள் சண்முகத்தாய். "திங்கக்கிழமை நாலு பள்ளிக்கூடத்துக்குத் துணி போகணும். உக்காரும் தையக்காரரே!"

வைரவன் உறையை உருவினார். ஒன்றரை வருடத் தூசி எழும்பியது. எண்ணெய் விட்டார். நூல் கோத்தார். மிதித்ததும் மெஷின் முதலில் கிறீச்சிட்டது, பிறகு ஓடியது. மற்ற மெஷின்களும் ஒவ்வொன்றாக அதோடு சேர்ந்துகொண்டன.

பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போதும் அந்தச் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"முதல் தடவை ஒருத்தர்கூடத் தூக்கல. ரெண்டு நிமிஷம்கூட ஆகல, எட்டுப் பேர் தூக்கிட்டாங்க. இந்தச் சனங்க எப்படிப்பட்டவங்கன்னு நான் எழுத?"

"கண்ணைத் திறந்து வச்சிருந்தப்பவா, மூடியிருந்தப்பவா?"

தில்லைநாயகம் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மலையடிவாரத்துக்குப் போகும் பேருந்து வந்தது. டாக்டரம்மா ஏறினாள். தில்லைநாயகம் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், தம்பி ஊருக்குப் போகும் பேருந்தில் ஏறினார்.