சம்பாவும் உப்பும்

முன்னொரு காலத்தில், காற்பந்து ஆட்டத்துக்காகத் தன் கல்யாண முகூர்த்தத்தையே தள்ளிவைத்த அரசர் ஒருவர் இருந்தார். அவர் சபையில் விகடம் சொல்பவள் செங்கமலம். சிரிக்கவைப்பது அவள் தொழில். யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்தால் ஏன் என்று யோசிப்பது அவள் சுபாவம்.

அன்று கருவூலத் தலைவர் திருமலைநாதர் அவளைப் பார்த்துச் சிரித்தார். ஆறு வருஷமாக அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று செங்கமலம் திரும்பிப் பார்த்தாள்.

அரசர் கவலையில் இருந்தார். அவரையும் சேர்த்து மூன்று நாட்டு அரசர்கள் கூடி ஓர் ஓலை எழுதுவித்திருந்தார்கள். ஓர் அணியின் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஆண்டுச் சம்பளம் ஐந்நூறு கலம் நெல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் திருவிழா ஆட்டத்தில் இடமில்லை. இங்கே ஐந்நூறும் தீர்ந்துவிட்டது. எழுபது கலம் வாங்கும் ஆட்டக்காரன் மாசிலனோ நூற்றிருபது கேட்கிறான். இல்லையென்றால் பக்கத்து நாட்டுக்குப் போய்விடுவான்.

"மகாராஜா, இதற்குச் செங்கமலத்தின் புத்திதான் சரி," என்றார் திருமலைநாதர், குரலில் தேன் வழிய.

"யாரையும் நீக்கக் கூடாது, யாருக்கும் குறைக்கக் கூடாது, வரம்பையும் தாண்டக் கூடாது. நாளைக்குள் வழி சொல், செங்கமலம். இல்லாவிட்டால் உன் இருக்கை இவருடைய மைத்துனருக்கு," என்றார் அரசர்.

மைத்துனருக்கா! சிரிப்பின் காரணம் விளங்கியது. ஆனால் அரசர் ஏன் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தார்? என் விகடம் அவருக்குச் சலித்துவிட்டதா? அதைக் கேட்க அவளுக்குத் துணிவில்லை. ஓலையை மட்டும் கேட்டு வாங்கி மூன்று தடவை படித்தாள். கையெழுத்து திருமலைநாதருடையது.

மறுநாள் மாசிலனோடு வந்தாள்.

"புது ஒப்பந்தம் போட்டாயிற்று, மகாராஜா. மாசிலனுக்குச் சம்பளம் பத்துக் கலம்."

"குறைக்கக் கூடாது என்றேனே!"

"எனக்குச் சம்மதம், மகாராஜா," என்றான் மாசிலன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

செங்கமலம் சொன்னாள்: "சம்பளம் என்றால் என்ன? சம்பா நெல்லும் அளத்து உப்பும். சம்பாவும் அளமும் சேர்ந்ததுதானே சம்பளம்! பத்துக் கலம் சம்பா, ஒரு மரக்கால் உப்பு. சம்பளம் முடிந்தது. மீதி நூற்றுப்பத்துக் கலமும் குறுவை நெல். அது மன்னரின் அன்பளிப்பு. இப்போது வரம்புக்குள் அறுபது கலம் மிச்சம். இன்னோர் ஆட்டக்காரரையே சேர்க்கலாம்."

திருமலைநாதர் துள்ளி எழுந்தார். "ஏமாற்று வேலை! எந்த நெல்லானால் என்ன, வேலைக்குக் கொடுத்தால் சம்பளம்தான்!"

இதற்குத்தான் அவள் காத்திருந்தாள்.

"அப்படியா, ஐயா? போன தை மாதம் இதே இடத்தில் நின்று என்ன சொன்னீர்கள்? 'எனக்கு வரும் இருநூறு கலம் குறுவை சம்பளமல்ல, அன்பளிப்பு. அதற்கு வரி கிடையாது' என்றீர்களே? சம்பளம்தான் என்றால் ஏழு வருஷ வரியை இன்றே அளந்து கொட்டிவிடுங்களேன்."

திருமலைநாதர் தூணைப் பார்த்தார். "குறுவை... அன்பளிப்புதான்," என்று முனகினார்.

"நல்லது. ஓலை எழுதியவர் நீங்கள். பக்கத்து நாட்டுத் தூதர் கேட்டால் இதையே சொல்லிவிடுங்கள்."

கிரீடம் சரியும்படி அரசர் சிரித்தார். செங்கமலம் அவர் வாயைப் பார்க்கவில்லை, கண்களைப் பார்த்தாள். அவையும் சிரித்தன. அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"உனக்கு நூறு கலம், செங்கமலம்!"

"சம்பாவா, குறுவையா, மகாராஜா?"

அரசர் மறுபடியும் சிரித்தார். "குறுவைதான். அன்பளிப்பு என்று திருமலைநாதரே எழுதித் தரட்டும்."

அவர் எழுதி முடிக்கும்வரை செங்கமலம் பக்கத்திலேயே நின்று, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள்.